காருக்கேற்ற கேரவன்

“உங்க கார் சின்னதா? யார் சார் சொன்னது? இந்தப் பெரிய கேரவனைக் கட்டிவிடுங்க, ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாடியே வரும்” என்றார் ஸ்னேக் நகரில், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவன் வீடுகளை விற்கும் வுப்பே.

வாங்க வந்த யெல்மருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. மனைவி எலீன்தான் தயங்கினாள். “ரெண்டு பிள்ளைங்க, நாலு சைக்கிள், அதுக்கு மேல இதுவுமா? நம்ம கார் பாவங்க.”

“முதல்ல ஒரு காபி குடிங்க மேடம். அப்புறம் பேசலாம்.”

காபி குடித்து எழுந்த வுப்பே வேறு ஆளாக இருந்தார். “மேடம் சொல்றதுதான் சரி. பெரிய வண்டியை இழுத்துடலாம் சார், நிறுத்தணுமே! இந்த மடக்குக் கேரவனை எடுங்க. பாதி எடைதான். விரிச்சா நாலு பேர் தாராளமாப் படுக்கலாம்.”

மடக்குக் கேரவன் அப்போதே காருக்குப் பின்னால் கிளம்பிப் போனது.

வுப்பேயின் மனைவி சிட்ஸ்கே பொரிந்து தள்ளினாள். “வலையில விழுந்த மீனை யாராவது திருப்பித் தண்ணியில விடுவாங்களா? எப்பங்க சாமியாரானீங்க?”

“எங்க தங்கப் போறாங்கன்னு காபி குடிக்கறப்ப கேட்டேன். கேரவனை நிறுத்தி விடுமுறைக்குத் தங்கற முகாம்ல, நாம வருஷக்கணக்கா ஆசைப்படற அந்த ஏரியோர இடம் இன்னைக்குக் காலியாகுதாம். சாயங்காலம் போய்க் கேக்கப் போறாங்களாம்.”

“ஐயோ!”

“என்ன ஐயோ? கரையோரம் பெரிய கேரவனுக்குத்தான் குடுப்பாங்க. மடக்கு வண்டின்னா பின்பக்கப் புல்வெளிதான். பெருசு வாங்க நாளைக்கே இன்னொருத்தன் வருவான், அந்த இடம் வருமா? பேசிக்கிட்டு நிக்காம, முகாமுக்குப் போனைப் போடு!”