எதிர்முனைகள்

விடுதியின் சலவை அறையில் ஜன்னல் வெயில் நீராவியில் ஊறி மங்கிக் கிடக்கிறது. அம்மாவும் மகளும் ஆளுக்கு இரண்டு முனையாகப் படுக்கை விரிப்பைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து மடிக்கிறார்கள். உலர்த்தும் இயந்திரத்தின் மேல் கல்லூரிக் கடிதம் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த வருடம் சேர்வதா, அடுத்த வருடமா என்று இன்றைக்குள் பதில் எழுத வேண்டும். "ஒரு வருஷம் கழிச்சுப் போறேம்மா. படிச்சுப் படிச்சு மண்டை காஞ்சு போச்சு." "அதுவரைக்கும் என்ன பண்ணுவே?" "நல்லா தூங்குவேன். அப்பப்ப உனக்கு ஒத்தாசையா இங்க வரேன்." ஊறி வெளுத்த விரல்களால் அம்மா மகளிடமிருந்து முனைகளை வாங்கிக்கொள்கிறாள். "ஒரே ஒரு வருஷம்னுதான் நானும் இங்க வந்தேன்" என்கிறாள், குரலில் கோபம்கூட இல்லாமல். கூடையிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து உதறுகிறாள். யாரும் சொல்லாமலே மகளின் கைகள் எதிர்முனைகளைப் பிடித்துக்கொள்கின்றன.