வெயில் படாத முதுகு

அக்னி நட்சத்திர வெயிலில் கிராமச் செவிலியர் சுடர்விழி மயிலாடுதுறைச் சாலையில் சைக்கிள் மிதித்து வந்தாள். சாலையை அகலப்படுத்தியபோது மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். ஆனாலும் இன்று முதுகில் வெயில் படவில்லை. ஏன் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

புதிதாகப் போட்டிருந்த மோர்க்கடையில் இறங்கி ஒரு மோர் கேட்டாள்.

"உங்களுக்கு மட்டும் போதுமா?" என்றாள் கடைக்காரி மங்களாம்பிகை. "பின்னாடி குடை பிடிச்சுக்கிட்டு வந்தவருக்கு?"

"பாக்க எப்படி இருக்காரு?" என்று திரும்பாமலே கேட்டாள் சுடர்விழி.

"தலையில பச்சைத் துண்டு. ஒரு காலைச் சாய்ச்சு நிக்கிறாரு."

போன கோடையில் அறுப்பு வயலில் வெயில் தாக்கி இறந்த சுடர்விழியின் கணவன் வளவன் அப்படித்தான் நிற்பான். திரும்பினால் போய்விடுவானோ என்று பயந்து, சாலையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவருக்கும் ஒண்ணு குடுங்க. உப்புக் கம்மியா."

முதுகுக்குப் பின்னால் யாரோ நிதானமாக மோர் குடிக்கும் சத்தம் கேட்டது.