பதிவு எதுவும் இல்லை

அவன் பெயரைத் தட்டினான். செண்பகவல்லி. ஊர், கோவில்பட்டி.

திரையில் வட்டம் சுற்றியது.

‘பதிவு எதுவும் இல்லை’ என்று வர வேண்டும். அதுதான் அவனுடைய வேண்டுதல்.

உலகத்து வம்சங்களையெல்லாம் மரமாக வரைந்து வைத்திருக்கும் இலவசத் தளம் அது. யார் வேண்டுமானாலும் தன் குடும்பத்தை ஏற்றலாம். ஆனால் உயிரோடு இருப்பவர்களை வெளியாருக்குக் காட்டாது. போய்ச் சேர்ந்தவர்களை மட்டும்தான் காட்டும்.

ஆகவே, அக்கா பெயர் வராதவரை அக்கா இருக்கிறாள்.

இப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டுதான் அவன் வெள்ளிக்கிழமை தவறாமல் தேடினான். பைத்தியக்காரத்தனம்தான். என்ன செய்ய, வேறு பிடி எதுவும் கிடைக்கவில்லையே.

வாக்காளர் பட்டியல்களில் தேடிப் பார்த்துவிட்டான். கட்டிக்கொண்டு போன பெண்ணைத் தேடப் புருஷன் பெயர் வேண்டும். அந்தப் பெயரை அவன் வீட்டில் ஒருவரும் வாயால் சொன்னதில்லை. சாதியைச் சொல்லித் திட்டினார்கள், அவ்வளவுதான்.

நூலகங்களின் இணையப் பட்டியல்களை நோண்டி, அவள் படித்த கல்லூரியின் ஆண்டு மலரைக்கூடப் பிடித்துவிட்டான். கோலப்போட்டியில் செண்பகவல்லிக்கு இரண்டாம் பரிசு. ஒரே ஒரு வரி. அதற்கப்புறம் அவளைக் காணோம்.

செல்வமணி கேட்டால் வம்சாவளி எழுதுவதாகச் சொல்லுவான். கட்டிய மனைவிதான். ஆனாலும் அவளுக்கு அக்காவைப் பற்றித் தெரியாது. பையனுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது என்று சொல்லித்தான் அப்பா சம்பந்தம் பேசினார். அவனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கவில்லை.

வட்டம் நின்றது.

‘ஒரு பதிவு.’

அடக் கடவுளே.

யாரோ வேறொரு செண்பகவல்லி. இந்த ஊரில் தெருவுக்கு ஒருத்தி இருப்பாள். அம்மன் பெயராயிற்றே.

திறந்தான்.

பிறப்பு, கோவில்பட்டி. இறப்பு, நாக்பூர். போன மாதம்.

புகைப்படத்தில் நரைத்த தலை. இடது புருவத்தில் தழும்பு. அவன் எறிந்த பம்பரம் பட்ட தழும்பு.

மகள் ஏற்றிய மரம். அம்மா போன பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அக்காவுக்கு மேலே அவளைப் பெற்றவர்கள். இருவர் பெயரும் சரி. இருவருக்கும் ஒரே இறப்பு வருஷம். அக்கா வீட்டைவிட்டுப் போன வருஷம்.

அப்பா செத்தது அதற்கு இருபது வருஷம் கழித்து. அம்மா இன்னும் பிந்தி.

பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தது.

பூவநாதன்.

அவன்தான்.

பிறப்பு, டிசம்பர் ஐந்து. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் அவனுக்கு ஜூன் ஒன்று. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி. அதைத்தான் செல்வமணியும் கொண்டாடுகிறாள். உண்மைத் தேதி தெரிந்த ஒருத்தி இத்தனை காலமும் நாக்பூரில் இருந்திருக்கிறாள்.

இறப்பு, அக்கா போன அதே வருஷம்.

கீழே மகள் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். ‘அம்மாவின் ஒரே தம்பி. தாத்தா பாட்டியோடு பஸ் விபத்தில் போய்விட்டார். எட்டு வயது. இவரைப் பற்றிப் பேசினால் அம்மா கடைசிவரை அழுவார். என் அண்ணனுக்கு இவர் பெயர்தான் வைத்திருக்கிறது.’

எட்டு வயது.

அந்த வயதில்தான் அவனைத் தெருக்குழாயடியில் நிறுத்தித் தலையில் குடத்தைக் கவிழ்த்தார்கள். அப்பா மொட்டை போட்டிருந்தார். சுவரெல்லாம் அக்கா படத்தோடு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். ஓடிப்போனவளுக்கு உயிரோடு கருமாதி. அக்கா செத்துட்டா, அழுடா என்றார்கள்.

“அக்கா சாகல. பஸ்ல ஏறுச்சு. நான் பாத்தேன்.”

அப்பா விட்ட அறையில் காது இரைந்தது. அதன் பிறகு அவன் அக்கா என்ற சொல்லையே எடுக்கவில்லை.

பக்கத்தின் அடியில் இருந்தது, ‘மரத்தை ஏற்றியவருக்கு எழுத’.

‘அம்மாடி, நான் உன் மாமா. நான் சாகவில்லை’ என்று அடித்தான்.

அப்புறம்? இத்தனை வருஷம் எங்கே மாமா இருந்தீர்கள் என்று கேட்பாள். பாட்டி தாத்தா எப்படிப் போனார்கள் என்று கேட்பாள். அம்மா ஏன் பொய் சொன்னாள் என்று கேட்பாள். அந்த நோட்டீஸைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். பெற்ற பிள்ளைகளிடம் அக்கா மூடி வைத்ததை, அவள் சாம்பல் ஆறுவதற்குள் இவன் போய்த் திறக்க வேண்டும்.

பாவி, ஒரு வருஷம் முந்தி கிடைத்திருக்கக் கூடாதா.

ஓர் எழுத்தாக அழித்தான். பெட்டி காலியானது. மடிக்கணினியை மூடினான்.

குளியலறைக்குப் போனான். சட்டையைக் கழற்றத் தோன்றவில்லை. வாளியைத் தூக்கி அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டான். இந்தத் தடவை அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான்.

மிளகாய் காயப்போட மாடிக்குப் போயிருந்த செல்வமணி இறங்கி வந்தாள். கூடத்தில் தண்ணீர் சொட்ட நின்றவனைப் பார்த்து அரண்டு போனாள்.

“என்னங்க இது, மட்டமத்தியானத்துல தலைக்கு ஊத்திக்கிட்டு நிக்கீக? எங்க துட்டி? யாரு தவறிட்டாக?”

அவன் கண்ணில் இறங்கிய தண்ணீரைக் கையால் வழித்துவிட்டான்.

“எங்க வீட்லயா? சொல்லுங்க, அண்ணனுக்கு எதுவுமா?”

இல்லை என்று தலையசைத்தான்.

அவளுக்கு உயிர் வந்தது. கொடியிலிருந்து துண்டை உருவி அவன் கையில் கொடுத்தாள்.

“நல்லா பயமுறுத்துனீக போங்க. உங்களுக்குத்தான் கூடப்பொறந்தவுகன்னு யாருமே இல்லியே.”

அவன் துண்டை வாங்கிக்கொண்டான். துவட்டவில்லை.