புல்லுக்கு அடியில்

இப்போதெல்லாம் ஆட்கள் கெடுப்பதையும் கெடுத்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று சிரிக்கவும் சிரிக்கிறார்கள். சாரணர் முகாம் என்று என் மேட்டில் கூடாரம் போட்ட பள்ளிக்கூடத்துப் பெண்கள் காலையில் மூட்டை கட்டினார்கள். நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். கோடைக்கு அதற்கு இருக்கிற மேய்ச்சல் இது ஒன்றுதான்.

“அடுப்பு எங்கடி எரிச்சீங்க?”

“நீங்க நிக்கிற இடந்தான் தாத்தா” என்றாள் சகாயமேரி, அவர்கள் தலைவி. “புல்லை மண்ணோட பேத்து எடுத்து வச்சிருந்தோம். தீய அணைச்சுட்டுத் திரும்பப் பதிச்சாச்சு.”

“யாருக்குடி காது குத்துற?”

செருப்பைக் கழற்றி மிதித்தேன். புல் பச்சையாக, குளிர்ந்து கிடந்தது. அழுத்தினால் அடிமண் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. மாடு குனிந்து அந்தப் புல்லைத்தான் கடித்தது. அதற்கென்ன தெரியும். கயிற்றை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் நடந்தேன்.