பாய்லர் பக்கத்தில் இரண்டு பெட்டிகள்

"வாலு, நீ சொல்லிக்கொடுத்த கிளாஸ் சுத்த மோசம்! ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரிதான் வருது."

அக்கா கணவர் கூடத்திலிருந்து கத்தியதைக் கேட்டு, தட்டு கழுவிக்கொண்டிருந்தவள் சிரித்தாள்.

"மோசம் கிளாஸ்ல இருக்காது மாமா. எழுதின கையில இருக்கும்."

தொழிற்சாலையின் விக்கியில், ஆட்கள் கணினியில் பார்க்கும் வேலைக் குறிப்புத் தளத்தில், பாய்லர் அறைக்கான பக்கத்தை அவர்தான் எழுதியிருந்தார். காலையில் புது ஆட்கள் அதைப் பார்த்துத்தான் வேலையில் இறங்குவார்கள். தொடக்கூடாத வால்வுகளின் பெயர்கள் திரையில் ஒரு பெட்டிக்குள், திறக்கலாம் என்பவை இன்னொன்றில். மாற்றித் திறந்தால் கொதிக்கும் ஆவி முகத்தில் அடிக்கும்.

"பெட்டிங்களுக்கு என்ன கிளாஸ் பேர் வெச்சீங்க?"

"ஒண்ணு 'அபாயம்', இன்னொண்ணு 'சரி'."

"நல்லது. கிளாஸ்ங்கிறது யூனிஃபார்ம் மாதிரி. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியா சாயம் பூச வேண்டாம். 'அபாயம்'னு பேர் வெச்ச பெட்டியெல்லாம் இந்த நிறத்தைத்தான் உடுத்தணும்னு ஸ்டைல் பக்கத்துல ஒரே தடவை எழுதினா போதும். எழுதினீங்களா?"

"நீ சொன்ன ரெண்டு நிறத்தையும் அப்படியே எழுதினேன்."

"அங்க பேருக்கு முன்னாடி புள்ளி? அது இல்லேன்னா அது கிளாஸ்னே பிரவுசருக்குப் புரியாது."

"வெச்சாச்சு."

"சேமிச்சீங்களா?"

"சேமிச்சு சேமிச்சு விரலே தேஞ்சுபோச்சு."

"அப்போ கண்டுபிடிச்சிட்டேன்! பிரவுசர் பழைய ஸ்டைலையே ஞாபகம் வெச்சிருக்கு. கண்ட்ரோலை அழுத்திக்கிட்டு ரெஃப்ரெஷ் பண்ணுங்க."

"பண்ணிட்டேன். அசையலையே! உங்க அக்கா மாதிரி, சொன்ன பேச்சே கேக்காது."

"காதுல விழுது!" என்றாள் அக்கா உள்ளறையிலிருந்து.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு திரையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன அப்படிப் பார்க்கறே? ரெண்டும் ஒரே மண் நிறம். நான் சொன்னேன்ல!" அவர் குரலில் ஜெயித்த களிப்பு.

அவள் கண்ணுக்கோ, திரையில் ஒரு பெட்டி அடர் சிவப்பு. இன்னொன்று அடர் பச்சை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'அபாயம்' கிளாஸுக்குத் தடித்த கறுப்புக் கரையும் 'சரி' கிளாஸுக்குப் புள்ளிக் கோடும் சேர்த்தாள்.