கிரிசெலின் கைராசி

"இவகிட்ட போனதுக்கு எங்க வீட்டுப் பன்னிகிட்ட போயிருக்கலாம் ஐயா" என்றாள் எஃபி.

தேவாலயத்துக்குள் ஒரே சிரிப்பு. விசாரணைக்காகச் சபை மூப்பர்கள் முன்னால் நின்ற கிரிசெல் மோவாட் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தெற்கே ஓடும் ஓடைத் தண்ணீரை வாய் பேசாமல் சுமந்து வந்து, சாகக் கிடந்த எஃபியின் மாட்டை எழுப்பிவிட்டது யார்? அதன் வெண்ணெயை ஓட்ஸ் ரொட்டியில் தடவித் தின்றுதானே இவள் இப்படிப் பளபளக்கிறாள்?

ஆனால் வாயைத் திறக்க முடியாது. மந்திரித்துக் குணமாக்கினாள் என்று ஒரே ஒருவர் சொன்னால் போதும், சூனியக்காரி என்று கொளுத்திவிடுவார்கள். அவளிடம் வைத்தியத்துக்குப் போனவர்களுக்குத் தண்டனை சின்னதுதான். ஞாயிற்றுக்கிழமை சாக்கு உடுத்திச் சபை முன் நிற்க வேண்டும்.

அதனால் ஊர்க்காரர்கள் முன்பே கூடிப் பேசிவைத்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் குணமாகவில்லை என்று.

நல்ல மனசுதான். அதற்காக இவ்வளவு ருசித்துச் சொல்ல வேண்டுமா? கிரிசெலுக்கு வயிறு எரிந்தது.

அடுத்து தையல்காரன் நினியன் வந்தான். நேற்றுவரை குதித்து ஓடியவன், வலது காலை இழுத்து இழுத்து நடந்தான்.

அடப்பாவி, இடது கால்டா! கிரிசெலுக்கு உயிரே போய்விட்டது.

அவள்மேல் பிராது கொடுத்த மூப்பர் கிரெய்க் எழுந்தார். "என்னப்பா, வலி இடது கால்லதான இருந்துச்சு?"

நினியன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

"அதத்தான் சொல்றேன் மூப்பரே. இங்க இருந்தத அங்க தள்ளிவிட்டுட்டா. இதெல்லாம் ஒரு வைத்தியமா?"

கிரெய்க்கின் முகம் மலர்ந்தது. "நோய இடம் மாத்துறதுதான் சூனியக்காரி வேலையே! கேட்டுக்குங்க!"

சிரிப்பு நின்றது. நினியன் அழாத குறை.

போதகர் மெல்ல எழுந்தார். பொய்யே சொல்லத் தெரியாத மனிதர். தொலைந்தோம் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூப்பரே, இவளுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. அதுக்கு நானே சாட்சி."

காதுவரை சிவந்துபோய், கறுப்புத் தொப்பியைக் கழற்றினார். வரும் ஞாயிறு சாக்கு தனக்கும் உண்டு என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

"குளிர்காலம் பூரா இவ குடுத்த தைலத்தத்தான் தேச்சேன்."

ஒரு முடி இல்லை. தேவாலயமே குலுங்கிச் சிரித்தது. கிரெய்க்கும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கிரிசெல் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு வந்த சாட்சிகளில் அது ஒன்றுதான் உண்மை.