மூன்றாவது முட்டை

சம்பள வரம்பை மீறியதற்காகக் கால்பந்து லீக்கில் கிளப்பின் ஒன்பது புள்ளிகளைப் பிடுங்கிவிட்டார்கள். இனி ஓர் ஆட்டக்காரனையாவது அனுப்பியே ஆகவேண்டும். யாரை என்றுதான் டீக்கடையில் சண்டை.

"கீப்பர் எர்னஸ்ட்ட அனுப்பு. முட்டி போச்சு அவனுக்கு," என்றான் சகாயம்.

"போன வருசம் பெனால்டி புடிச்சது யாரு, உங்க மாமனா?" என்றான் இன்னொருவன்.

பெரியவர் பாக்கியநாதன் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். அவர் அந்த கிளப்புக்கு ஆடிய காலத்தில் சம்பளமே அவித்த முட்டைதான். பகலெல்லாம் ஹார்பரில் மூட்டை சுமந்துவிட்டு வந்து ஆடுவார்கள். முடிந்ததும் ஆளுக்கு இரண்டு. உப்பு தொட்டுத் தின்றபடி பாட்டோடு வீடு திரும்புவார்கள். ஒருவன் தட்டில் மட்டும் கிளப் செக்ரட்டரி மூன்றாவதை வைத்தால் அடுத்த ஆட்டத்திலிருந்து அவன் இல்லை. வாயால் சொல்ல அவருக்கு மனசு வராது. பாக்கியநாதனுக்கும் ஒருநாள் வைத்தார். அந்தக் கதை கடையில் எல்லோருக்கும் தெரியும்.

"நீ சொல்லு நைனா, எர்னஸ்ட் இருக்கணுமா, போவணுமா?" என்று பாக்கியநாதனைக் கேட்டான் சகாயம்.

அதற்குள் எர்னஸ்ட்டே நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "ரெண்டு முட்ட குடுண்ணா," என்றான் கடைக்காரரிடம். முட்டைகள் அவன் தட்டுக்கு வந்தன. எல்லோரும் பாக்கியநாதன் கையில் உரித்திருந்த முட்டையையே பார்த்தார்கள்.

அவர் அதை முழுசாகத் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டார்.